வாய்மொழி உறுதி

கடலடிச் சுரங்கத்தின் வாசலில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கடைசியாக வாயிலிருந்து வரும் சொல்தான் உறுதிமொழி. தமிழ்நாட்டு அகதி முகாமை விட்டு இலங்கையின் மன்னாருக்கே திரும்பிப் போகும் எமல்டாவுக்கும் அது தெரியும். முகாமில் மூன்று முறை வகுப்பெடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

கணவன் அருள்ஞானம் முதலில் கடந்துபோய் வண்டியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்ததாக ஐந்து வயது மகள் நிரோஷி கண்ணாடி அறைக்குள் நின்றாள். எமல்டா, வெளியே வாசல் ஒலிவாங்கியின் கீழேயே, வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதபடி, "போயிட்டு வாறன் அக்கா" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"திரும்பவே மாட்டேன்னு அனுமதி வாங்கிட்டு, வர்றேன்னு சொல்றீங்களேம்மா" என்றார் அதிகாரி. "பொய் உறுதிமொழி. பத்து வருஷம் காவல்."

"ஐயோ, அது சும்மா சொல்லுறது ஐயா! போறன் எண்டு சொல்லக் கூடாதெல்லோ?"

"எங்க வீட்லயும் சொல்ல மாட்டாங்க. வாசலுக்கு அது தெரியாதே."

காவலர்கள் அவள் கைகளைப் பிடித்தார்கள். கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கி நிரோஷியின் முகத்துக்கு நேரே இறங்கியது. நேற்றுத்தான் பிள்ளை படியில் நின்று "கடைக்குப் போறன் அம்மா" என்றதற்கு, எமல்டா வாயிலேயே ஒன்று போட்டிருந்தாள். இப்போது பிள்ளை கையசைத்துக்கொண்டே வாயைத் திறந்தது.

"போறன் எண்டு சொல்லு!" என்று எமல்டா அலறினாள். "போறன் எண்டு மட்டும் சொல்லு பிள்ளை!"

நிரோஷி மிரண்டுபோய், அடி விழாதபடி வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகச் சொன்னாள்:

"போறன் அம்மா."

பச்சை விளக்கு எரிந்தது.