முன்பக்கம் ஒரு கோடு

"இந்தப் பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம்," என்றார் கணவர். தலைமையாசிரியை மேடத்தின் அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நாலு எட்டு வைக்கவில்லை, அதற்குள்.

அவள் தோளில் சாய்ந்திருந்த சிட்டுவின் முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள். சிட்டுவுக்கு ஐந்து வயது. லேசான ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இது அவர்கள் ஏறி இறங்கிய நாலாவது தனியார் பள்ளிக்கூடம்.

"ஃபேன் போட்டாங்களா? அரை மணி நேரமா வேர்த்து ஊத்துது. ரிப்பேர்னா பரவால்ல. நான்தான் பாத்தேனே, புது ஃபேன். வேணும்னே போடல."

அவர் எலக்ட்ரீஷியன். யார் வீட்டுக்குப் போனாலும் மனுஷரைப் பார்ப்பதற்கு முன்னால் சுவிட்ச்போர்டைப் பார்ப்பார்.

"மெதுவாப் பேசுங்க. காதுல விழப்போகுது."

"விழட்டும். பிள்ளையோட மூஞ்சியையாவது பாத்தாங்களா அந்தம்மா? உன் பேர் என்னன்னு ஒரு வார்த்தை?"

அது அவளுக்கும் யோசனையாகத்தான் இருந்தது. அவர்கள் உள்ளே போனபோது மேடம் தரையில் உட்கார்ந்து, டப்பா நிறைய இருந்த பாட்டில் மூடிகளைக் கலர் கலராகப் பிரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்று தலையசைத்ததோடு சரி. சிட்டு முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்புறம் நாற்காலிக்குப் பின்னால். அப்புறம் மெல்லப் போய் மேடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடம் மாறிக் கிடந்த ஒரு நீல மூடியை எடுத்து நீலத்தோடு சேர்த்தாள்.

"இது நீலம்," என்றாள்.

"ஆமா, நான் கவனிக்கல," என்றார் மேடம், நிமிராமலே.

கடைசியில்தான் இவர்கள் பக்கம் திரும்பினார். "ஃபாரத்தை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"ம். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. எத்தனை பிழை கண்ணில் பட்டதோ.

போன வாரம் அந்த ஃபாரத்தை வாங்கி வந்தபோதே வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. 'குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதவை' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"அதுல பேசாம ஒரு கோடு போட்டுடு. போன தடவை பட்டது போதாதா?" என்றார் கணவர்.

போன தடவை பார்த்தது பெரிய பள்ளிக்கூடம். சுவரெல்லாம் பூ, பட்டாம்பூச்சி. அந்தப் பிரின்சிபால் சிட்டுவின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார், சாக்லேட் கொடுத்தார், "எங்களுக்கு எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான்" என்றார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. சிட்டு காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மறுநாளே போன் வந்தது. இடம் இல்லையாம்.

அதனால் இந்தத் தடவை, அவர் கண்ணெதிரிலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மறுநாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தாள்.

"அங்க பாரு கூத்தை," என்றார் கணவர்.

ஒரு ஆயா வகுப்பு வகுப்பாகத் தலையை நீட்டிக் கையசைத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் வாயில் விரலை வைத்தபடி இடைவேளைக்கு வெளியே வந்தார்கள்.

"மணி அடிக்கக்கூட வக்கில்ல. மக்கள் தொகை கணக்கெடுக்கற மாதிரி ரூம் ரூமாப் போறாங்க. வா, போலாம்."

வாசலுக்கு வந்தால், தூணில் இருந்த மின்சார மணியின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துவிட்டார்.

"பிள்ளையை நாம இங்க சேர்க்காட்டி என்ன, ஒரு உபகாரம் பண்ணிட்டுப் போறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"சார், சார், தொடாதீங்க." வாட்ச்மேன் ஓடி வந்து கையைப் பிடித்தார். குரல் மட்டும் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.

"கழண்டு கிடக்கே, மாட்டிவிடலாம்னு பாத்தேன்."

"கழண்டது இல்ல சார், கழட்டினது. காலையில மேடமே ஏணி போட்டு ஏறிக் கழட்டினாங்க. கீழ பிடிச்சிட்டு நின்ன எனக்கு உசிரே இல்ல. பாப்பா தெருமுனை தாண்டினப்புறம்தான் மாட்டணும்னு உத்தரவு."

"எந்தப் பாப்பா?"

வாட்ச்மேன் தாடையால் சிட்டுவைக் காட்டினார்.

"மணிச் சத்தம் ஆகாதாமே. புது ஆள் கண்ணைப் பாத்துப் பேசினா அழுமாம். தெரியாத இடத்துல தலைக்கு மேல ஃபேன் சுத்தினா பயமாம்."

"ஃபேனா?" என்றார் எலக்ட்ரீஷியன். அது அவருக்கே தெரியாது.

"ஃபாரத்துக்குப் பின்பக்கம் பூரா எழுதியிருந்துதே சார். எங்க எல்லாரையும் நிக்க வச்சு மேடம் ரெண்டு தடவை படிச்சாங்க. எல்லாருமே இப்படி எழுதிக் குடுத்தா நமக்கு எவ்வளவு வேலை மிச்சம்னாங்க."

கணவர் டெஸ்டரை மெல்லப் பைக்குள் போட்டார்.

"திங்கக்கிழமை என்ன பண்ணுவீங்க? மறுபடியும் ஏணியா?"

"சத்தம் கம்மியா வேற மணி பாக்கச் சொல்லியிருக்காங்க சார். இன்னும் ஆள் கிடைக்கல."

"கிடைச்சாச்சுன்னு சொல்லுங்க. காலையில எத்தனை மணிக்கு கேட்டைத் திறப்பீங்க?"

அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார்.

"என் கண்ணு முன்னாலதானே கோடு போட்டே?"

அவள் சிட்டுவின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"முன்பக்கம் கோடுதாங்க போட்டேன்."