டப்பா கார்

அன்று அந்தக் கார்க் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர். அப்பா, மகள், கூப்பிடாமலே கூட வந்த தாய்மாமா, அவர்கள் நுழைந்ததிலிருந்து சிரிப்பைக் கழற்றாத விற்பனைக்காரர்.

"ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் மாட்டி நிறுத்தியிருக்காங்க, அத்தான்," என்றார் மாமா, நடுவில் நின்ற காரைச் சுற்றி வந்து.

"இளவட்டங்களுக்குன்னே செஞ்ச வண்டி சார்," என்றார் விற்பனைக்காரர். "கதவுப் பட்டை, சக்கர மூடி, உள்ள எரியுற விளக்கு, எல்லாத்துக்கும் பிடிச்ச கலரை நீங்களே மாட்டிக்கலாம். இதே மாதிரி இன்னொண்ணு ரோட்டுல வராது."

மகளுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு ஒரு கார் பார்க்கணும், நீயும் வா," என்றார் அப்பா. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட "சரி" என்று மட்டும் சொன்ன மனிதர். தூக்கம் வராமல் படுத்திருந்தாள் அவள்.

ஓட்டிப் பார்க்கவும் அவளைத்தான் உட்காரச் சொன்னார். பெட்டி மாதிரி இருந்ததால் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிந்தன. சந்தில்கூட ஒரே ஒடிப்பில் திரும்பியது. மேடு வந்தபோதுதான் எஞ்சின் முனகியது.

"ஏறத் திணறுதேப்பா."

"பரவாயில்ல. ரொம்பத் தூரமெல்லாம் ஓடப்போறதில்ல."

அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? கிடைக்கிற காரைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்?

கடைக்குத் திரும்பியதும் விற்பனைக்காரர் முன் மூடியைத் திறக்கப் போனார். அப்பா கை காட்டி நிறுத்தினார்.

"பின் சீட்டை மடக்கிக் காட்டுங்க."

மடக்கியதும் பலகை விரித்தாற்போலத் தரை சமமாயிற்று. அப்பா ஷூவைக் கழற்றினார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு பின்கதவு வழியாக ஏறி, மல்லாந்து படுத்தார்.

யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் சாய்ந்து உட்காராதவர் அவர். ஆறடி உயரம், வீட்டில் அந்த உயரம் வந்தது அண்ணனுக்கு மட்டும்தான். "முன் சீட்டை நகர்த்துங்க," என்றார் படுத்தபடியே. நகர்த்தியதும் காலை மெல்ல நீட்டினார். குதிகால் கதவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுல கட்டில் ஆடுதா அத்தான்? அக்காகிட்டச் சொல்லவா?" என்று சிரித்தார் மாமா.

மகளுக்கு மானம் போயிற்று. கண்ணாடிக்கு வெளியே தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

"நம்ம பையன் இருந்தா இந்த டப்பாவையே தேர் மாதிரி இழைச்சிருப்பான்," என்றார் மாமா. "இப்ப அங்க எவ்வளவு பெரிய வண்டி வச்சிருக்கானோ! வெளிநாட்டுச் சம்பளம்னா சும்மாவா?"

அப்பா படுத்தபடியே கையை உயர்த்திக் கூரையைத் தட்டிப் பார்த்தார். அண்ணனைப் பற்றி யார் பேசினாலும் காதில் விழாததுபோல இருந்துவிடுவார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற மகனை, "இந்த வாசல்ல கால் வைக்காதே," என்று ஒரே வார்த்தையில் அனுப்பியவர் அவர். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிய வழக்கம் அவருக்கு இல்லை. அண்ணன் வெளிநாட்டில் கொழிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இறங்கி ஷூவை மாட்டிக்கொண்டு, "இதையே எடுத்துக்கறோம்," என்றார். "பாப்பா பேர்ல போட்டுடுங்க."

"அப்பா, பட்டை மட்டும் ஆரஞ்சு கலர்ல..." என்று, மாதிரிக்கு வைத்திருந்த பட்டை ஒன்றைக் கையில் எடுத்தபடி ஆரம்பித்தாள் அவள்.

"வேண்டாம். சாம்பல் கலர், போதும். யார் கண்ணையும் உறுத்தக் கூடாது. பின்னாடி மூணு பக்கமும் திரை போடுங்க. உள்ள யார் இருக்காங்கன்னு தெரியக் கூடாது."

"ஓட்டப்போறது நான். ஒரு கலர்கூட நான் சொல்லக் கூடாதாப்பா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் அவள் பார்த்திராத முகமாக இருந்தது.

"உனக்கு இல்லம்மா. உன் பேர்ல இருக்கட்டும், அவ்வளவுதான். வாங்கினேன், பிடிக்கல, நீ வச்சுக்கோன்னு கொண்டுபோய்க் குடுத்துடு. நான் குடுத்தா தொடமாட்டான். நீ குடுத்தா வாங்கிப்பான்."

"யாருப்பா?"

"உங்கண்ணன்."

ஆரஞ்சுப் பட்டை அவள் கையிலேயே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

மாமா விடவில்லை. "என்ன அத்தான் இது கூத்து? வெளிநாட்டுல ராஜா மாதிரி இருக்கறவனுக்கு இங்க எதுக்கு டப்பா கார்?"

அப்பா முதுகை நிமிர்த்தினார். குரலைத் தாழ்த்தவில்லை; விற்பனைக்காரர் கேட்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

"அவன் எந்த வெளிநாட்டுக்கும் போகல. இதே ஊர்ல, ஒரு ஓட்டைக் காருக்குள்ள, காலை மடக்கிப் படுத்துக் கிடக்கான்."