பிளாஸ்டர் காது

அருங்காட்சியகத்தில் பழைய காதணிகளை மாட்டிவைக்கப் பிளாஸ்டரில் காதுகள் செய்வது அவள் வேலை. எலும்பு வளையம், சங்குத் தோடு, நீலக்கல் தொங்கல் என்று எந்த நாட்டு நகைக்கும் அவள் செய்த காது பொருந்திவிடும். ஏதோ ஒரு கல்லறையில் கிடைத்த ஒற்றைத் தோடு மட்டும்தான் படுத்தி எடுத்தது. கடுகளவு பொன்மணிகளை நெருக்கி ஒட்டிய கெட்டித் தோடு, நல்ல கனம். மாட்டிய மறுநாளே பிளாஸ்டர் மடல் கீழே இழுபட்டு, துளை நீண்டிருந்தது.

"பிளாஸ்டர் எங்கேயாவது தொங்குமா? ஈரத்தோட மாட்டியிருப்பே" என்றார் மேலாளர். "நாளைக்குக் கண்காட்சி திறக்குது. இது நிக்கலைன்னா நீ வேற வேலை பாத்துக்கோம்மா."

"காஞ்சு கல்லா இருந்துச்சு சார். நீங்களே தட்டிப் பாத்தீங்களே!"

தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் மடல் பழையபடி மேலேறியிருந்தது. துளையைத்தான் காணோம். நகை போடாத காது தூர்ந்துபோகுமே, அப்படித் தூர்ந்திருந்தது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யோசிக்க நேரமில்லை. சின்ன டிரில்லை எடுத்தாள். மகளுக்குக் காது குத்தியபோது சொன்னதுபோலவே, "கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு" என்று வாய் தானாகச் சொல்ல, துளைத்து முடித்தாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. தோட்டை மாட்டினாள்.

மேலாளர் வந்து குனிந்து பார்த்தார்.

"அப்பாடா, நிக்குது. ஆனா இதுக்கு மட்டும் ஏம்மா சாயம் அடிச்சே?"

கண்ணாடிக்குள் வெள்ளைக் காதுகளின் வரிசையில் அந்த ஒரு மடல் மட்டும் சிவந்து, லேசாக வீங்கியிருந்தது.