சுபாங்கனின் கைவேலை

"இதுவும் வேண்டாம் தம்பி."

ஞானாம்பிகை அம்மா தலையை ஆட்டிவிட்டார். சுபாங்கன் காட்டிய மூன்றாவது மாதிரி அது. முதலாவதில் ரோசாப் பூக்கள், இரண்டாவதில் குத்துவிளக்கு, இதில் முகிலுக்குள் பறக்கும் கொக்குகள். செத்தவர்கள் நினைவாக வலைப்பூ செய்விக்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மூன்றில் ஒன்றோடு அடங்கிவிடுவார்கள். இந்த அம்மா அந்தப் பத்தாவது ஆள்.

தொண்டைமானாற்றிலிருந்து பஸ் ஏறி, அச்சுவேலிச் சந்தைக்கு எதிரே இருந்த அவனுடைய கணினிக் கடைக்கு வந்திருந்தார். மகளுக்குப் பத்தொன்பது வயதாம். போன ஆவணியில் போய்விட்டாளாம். ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பிள்ளை கொப்பிகளில் எழுதி வைத்ததையெல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். பார்த்தவுடனேயே இது தனிப் பக்கம், வேறு எவருக்கும் இப்படி இல்லை என்று தெரிய வேண்டும். கேட்டது இவ்வளவுதான். எப்படிச் செத்தாள் என்று சுபாங்கன் கேட்கவில்லை. ஒரு தாயிடம் அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

நெல்லியடி, பருத்தித்துறை, சுன்னாகம், யாழ்ப்பாணப் பட்டினம் என்று ஏற்கெனவே ஆறு கடை ஏறி இறங்கியாயிற்றாம். ஒன்றும் சரிவரவில்லையாம். அதைக் கேட்டதும் அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

பிள்ளையின் பேரையும் படத்தையும் தந்தால் முகத்தைப் பார்த்துச் செய்யலாம் என்றான். அந்த அம்மா கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"முதல்லை பக்கம் சரிவரட்டும். படத்தைப் பிறகு தாறன். உந்த ஆயத்தமாய்க் கிடக்கிற ஒண்டும் எனக்கு வேண்டாம். உங்கடை கைக்கு என்ன வருமோ, அதைச் செய்யுங்கோ."

இந்த ஒரு சொல்லைத்தான் எத்தனையோ காலமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவன் காத்திருந்தான். போன வருசம் பக்கம் செய்விக்க வந்த ஒரு பெடியனைத் தவிர, வருகிறவர்கள் எல்லோரும் அதைப் போல, இதைப் போல என்றுதான் கேட்பார்கள். கோயில் பக்கமும் பழைய மாணவர் சங்கப் பக்கமும் செய்து செய்து அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. ஞானாம்பிகை அம்மாவும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிர்க் கடையில் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

பக்கம் முழுவதையும் கறுப்பாக்கினான். பேர் வரும் இடத்தை நேராக வைக்காமல் மேல் நோக்கிச் சாய்த்தான். இப்போதைக்கு அங்கே "பெயர்" என்று மட்டும் எழுதினான். இடது பக்கம் படத்துக்கு இடம் விட்டு, அதன் ஓரத்தைக் கையால் கிழித்த கடதாசி போல ஆக்கினான். முகத்தின் பாதி மட்டும் தெரியும், மீதி இருட்டுக்குள் போய்விடும். படத்துக்குச் சரி கீழே ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தான்.

"உதென்ன பெட்டி?"

"வாசிக்கிற ஆக்கள் தங்கடை கருத்தை எழுதிற இடம் அம்மா. மற்றவை இதைப் பக்கத்தின்ரை அடியிலை கொண்டுபோய் வைப்பினம். அவ்வளவு தூரம் ஆர் இறங்கிப் போறது? நான் படத்துக்குக் கீழையே வைச்சிடுவன். முகத்தைக் கண்ட உடனை சனம் எழுதத் தொடங்கிவிடும்."

ஞானாம்பிகை அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார். சாய்ந்த எழுத்தைப் பார்த்தார், கிழிந்த ஓரத்தைப் பார்த்தார், அந்தப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

சுபாங்கன் திரும்பி அவரைப் பார்த்தான். தன் வேலையைப் பார்த்து ஒருவர் அழுவது இதுதான் முதல் தடவை. ஆறு கடைக்காரருக்கும் வராத ஒன்று தன் கைக்கு வந்துவிட்டது என்ற பெருமையும் இருந்தது. பிள்ளையை இழந்த தாயின் முன்னால் பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இப்பிடி வேறை ஆரும் செய்வினமோ தம்பி?"

"இல்லை அம்மா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களிட்டைத் தொழில் பழகின பெடியள், உங்களைப் பாத்துச் செய்யிற ஆக்கள், ஒருத்தரும் இல்லையோ?"

இது என்ன கேள்வி என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. மகளுடைய பக்கத்தைப் போல இன்னொன்று வந்துவிடுமோ என்று மனுசி பயப்படுகிறா என்று நினைத்துக்கொண்டான்.

"ஒருத்தரும் இல்லை. நான் ஒருத்தருக்கும் பழக்கேல்லை. இந்தச் சாய்வும் இந்த வெட்டும் இந்தப் பெட்டியும் எங்கை கண்டாலும் அது என்ரை கைவேலைதான். எங்கை வேணுமெண்டாலும் வந்து சத்தியம் பண்ணுவன்."

"ஓம் தம்பி. இதுதான். இதைத்தான் இவ்வளவு நாளும் தேடித் திரிஞ்சனான்."

ஞானாம்பிகை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்துக்காக அவன் கையை நீட்டினான். அவர் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார். போன ஆவணித் திகதியோடு அச்செடுத்த ஒரு வலைப்பூப் பக்கம் அது.

அதே கறுப்பு. அதே சாய்வில் நிவேதனா என்ற பேர். கிழிந்த ஓரத்துக்குள் அந்தப் பிள்ளையின் பாதி முகம், அதன் கீழே அதே பெட்டி, பெட்டி முழுவதும் வாசிக்கவே நாக்கூசும் வார்த்தைகள்.

"இதை வாசிச்சுப்போட்டுத்தான் தம்பி என்ரை பிள்ளை போனவள். இந்தப் படத்தை உங்களிட்டைக் கொண்டுவந்து தந்தவன் ஆர்?"