சாவிப் பலகை

“தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா” என்று பேருந்து ஓட்டுநர் ஆரம்பித்தபோதே, தப்பாகத்தான் நினைக்க வேண்டியிருக்கும் என்று சாவியக்காவுக்குப் புரிந்துவிட்டது. விரலில் ஒட்டியிருந்த பசையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என் வீட்டுச் சாவியக் குடுங்க. இன்னிக்கு டூட்டி மாத்திக்கிட்டேன். ஆறு மணிக்கு வெளியூர் வண்டி எடுக்கணும்.”

“வண்டி எடுக்கறதுக்கு வீட்டுச் சாவி எதுக்கு?”

அவர் தலையைச் சொறிந்தார். “அது வந்து... கீழ தையக்காரம்மாகிட்ட குடுத்து வைக்கலாம்னு.”

சுவரில் மாட்டியிருந்த பலகையில் பத்து ஆணிகள். ஒன்பது ஒரே வாரத்தில் காலியாகியிருந்தன. பத்தாவது சாவியும் அவருடைய சட்டைப்பைக்குள் போனது.

பதினொரு வீடுகள் உள்ள கட்டடம் அது. விடிந்தால் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணிமனைக்கும் ஓடுகிற ஜனம். வீட்டிலேயே உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள் என்பதால், மற்ற பத்து வீட்டுச் சாவிகளும் பதினொரு வருடமாக அவளிடம்தான் இருந்தன. குழாயைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போனால் மூடுவாள், சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பாள். மூன்றாம் மாடிக்காரி அடுப்பை அணைக்காமல் ஓடிய அன்று, மூச்சிரைக்கப் படியேறி அணைத்ததும் அவள்தான். இத்தனை காலத்தில் அவளுடைய சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது.

அவ்வளவு ஏன், போன மாதம் வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். எட்டாவது மாதம்; படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். துணைக்கு வாம்மா என்றாள். “பத்து வீட்டுச் சாவிய யாருகிட்டடி போட்டுட்டு வர்றது?” என்று மாடிப்படியில் நின்று கட்டடமே கேட்கும்படி சொன்னவள் சாவியக்கா. அப்படிப்பட்டவளுக்கா இந்த மரியாதை?

எல்லாம் அந்தத் தையல்காரி வந்த பிறகுதான். படிக்குக் கீழே பூட்டிக்கிடந்த அறைக்கு மெஷினும் கையுமாக வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வந்ததிலிருந்து ஒரே சிரிப்பு. வேலை முடிந்து வருகிறவர்கள் அவளுடைய வாசலில் நின்று ஒரு மூச்சுப் பேசிவிட்டுத்தான் மாடி ஏறுகிறார்கள்.

சாவியக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி யார் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கணக்கெடுத்தாள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒருநாள், ரவிக்கைத் துணியோடு வந்து விசாரித்த ஒருத்தியிடம், “இங்க தைக்கறவங்க யாரும் கெடையாதே” என்று கைவிரித்து அனுப்பியும் வைத்தாள். அது தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் ருசியாகத்தான் இருந்தது.

இந்த ஒரு வாரமாக வந்தவர்கள் சொன்ன சாக்குகள் இருக்கின்றனவே! “மாடி ஏற மூட்டு வலிக்குதுக்கா” என்றாள் மில்லுக்குப் போகிறவள். இரண்டாம் மாடியில் குடியிருந்துகொண்டு முதல் மாடி ஏற மூட்டு வலியாம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் காரணமே சொல்லாமல், தரையைப் பார்த்தபடி சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

காலிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இந்தக் கட்டடத்தில் அவள் யார்? அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு விடுவிடுவென்று இறங்கினாள். தையல்காரி மெஷினில் குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் புத்தம் புதிய பலகை. பத்துச் சாவிகளும் வரிசையாகத் தொங்கின. நட்டநடுவில் ஒரே ஒரு ஆணி மட்டும் காலி.

“திருப்தியா?” என்றாள் சாவியக்கா. “பதினொரு வருசமா நான் சேத்து வச்சத ஒரே வாரத்துல வாரிச் சுருட்டிட்ட.”

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். “உக்காருங்க அக்கா.”

“உக்கார வரல. நான் என்ன திருடிட்டேனா? யாரு வீட்லயாவது ஒரு குண்டூசி காணாமப் போச்சா? என்கிட்ட என்ன கொறையக் கண்டாங்க?”

“உங்ககிட்ட என்ன கொற இருக்கு?”

“அப்ப ஏன் எல்லாரும் உன்கிட்ட வர்றாங்க?”

படியில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஓட்டுநர் சீருடையில் நின்றார். அவருக்குப் பின்னால் மில்காரி, மூன்றாம் மாடிக்காரி, ஆஸ்பத்திரிக்காரன். வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள் என்று சாவியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“பத்து வீட்டுச் சாவியும்தான் வந்தாச்சே” என்று பலகையைக் காட்டினாள். குரல் உடைந்தது. “அந்த ஒத்த ஆணி எதுக்கு? என்னக் குத்திக் காட்டவா?”

தையல்காரி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

“உங்க வீட்டுச் சாவிக்குத்தான். குடுத்துட்டு ஆறு மணி வண்டில ஏறுங்க அக்கா, உங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு.”