அரக்கு வைத்த குப்பி

முதலில் பகையைத் தொடங்கியவன் எண்ணெய் வியாபாரி மப்ரூக்தான். ஸ்ஃபாக்ஸ் ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்பது லஸ்ஹரின் கட்சி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆலிவ் அறுவடைக் காலம். செக்கு வாசலில் கூட்டம் நெரிந்தது. லஸ்ஹர் விற்கக் கொண்டுபோன எண்ணெயில் ரொட்டியை முக்கி வாயில் வைத்த மப்ரூக், தூவென்று துப்பினான்.

"சோயா எண்ணெய் கலந்திருக்கு."

அத்தோடு சரி. லஸ்ஹரின் எண்ணெயை ஊரில் ஒருவரும் தொடவில்லை. லஸ்ஹரும் மப்ரூக்கின் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. அவன் தொழுகிற பள்ளிவாசலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கோபம் மகள் அரீஜின் தலையில் விடிந்தது.

பள்ளி இறுதித் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மருந்தியல் தானாகக் கிடைக்கும். குரவையிட்டு, சர்பத் கொடுத்து, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் ஷாத்லி மருந்துக் கடைக்கு இடமே பார்த்து வைத்திருந்தார். விருப்பப் படிப்பைக் கணினியில் பதிய அன்று சாயங்காலம்தான் கெடு.

"மருந்தியல் வேண்டாம்," என்றார் லஸ்ஹர். "கெமிஸ்ட்ரி. கலப்படம், விஷம், போலி எல்லாத்தையும் சோதிச்சுப் பிடிக்கிறாங்களாமே, அந்தக் கெமிஸ்ட்ரி."

அரீஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்த படிப்பு அது. வீட்டில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சொன்னால், வந்த சீதேவியை எட்டி உதைக்கிறாள் என்பார்கள்.

ஷாத்லி துள்ளி எழுந்தார். "மச்சான், உனக்கென்ன பித்தா? பொணம் அறுக்கிற இடத்துல கொண்டுபோய் உக்கார வெப்பாங்க!"

"உக்காரட்டும்."

"எவன் கட்டிக்குவான்? மாமியார் கூஸ்கூஸ் வெச்சா, 'இதுல என்ன கலந்தீங்க'ன்னு கேப்பா!"

"கேக்கட்டும். கலந்தவளுக்குத்தான் பயம்."

லஸ்ஹர் உள்ளே போய் ஒரு கறுப்புக் கண்ணாடிக் குப்பியோடு வந்தார். வாயில் சிவப்பு அரக்கு. நடுக்கூடத்தில் நங்கென்று வைத்தார்.

"அன்னிக்கு மப்ரூக் துப்பின எண்ணெய் இது. ஒன்பது வருஷமாப் பத்திரப்படுத்தியிருக்கேன். என் மக படிச்சிட்டு வந்து சோதிச்சுச் சொல்லணும். அதுக்கப்புறம் அவன் மூஞ்சியை எங்கே வெச்சுக்குவான்னு பாக்கிறேன்."

அம்மா ஸல்ஹா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள் அரீஜ்.

"ஒரு குப்பி எண்ணெய்க்குப் பொண்ணைப் பலி குடுக்கிறியே!" ஷாத்லி தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கழுதையோட யாரு மல்லுக்கட்டறது! நீ என்னம்மா பண்ணுவே, அரீஜ்? உன் மேல தப்பில்ல. நாளைக்கு யாராவது கேட்டா, உன் அப்பன் பிடிவாதம்னு நானே சொல்றேன்."

அவள் உச்சியில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அரீஜ் கணினி முன் உட்கார்ந்தாள். முதல் விருப்பம்: பகுப்பாய்வு வேதியியல். தட்டிவிட்டாள்.

ஆசைப்பட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் நெஞ்சு கசந்தது. தன் படிப்பு அப்பாவின் பழிக்கு ஆயுதமா? திரும்பினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். எண்ணெய்ல கலப்படம்னு வந்தா, அதையும் ஊரறியச் சொல்லுவேன். உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லு."

"இப்பவே பாக்கிறேன்."

அரக்கை உடைத்துக் கொஞ்சம் தட்டில் ஊற்றினாள். வெளிறி ஓடியது. முகர்ந்தாள். வாசனையே இல்லை. நாக்கில் வைத்தாள். இதற்கு ஆய்வகம் எதற்கு? ஸ்ஃபாக்ஸில் பிறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். அரசாங்கம் மலிவு விலையில் போடுகிற அதே சோயா எண்ணெய்.

தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா... அப்போ மப்ரூக் சொன்னது நெஜமா?"

அம்மா அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"அடி பைத்தியமே," என்றாள். "அந்த எண்ணெயில ஒரு சொட்டு மிச்சமில்லடி. அந்தக் குளிர்லதானே உன் தங்கச்சி மைஸா பொறந்தா? அவ்வளவையும் அவ உடம்புல தேய்ச்சு உருவியே தீர்த்துட்டேன். இது போன வாரம் உங்கப்பா நெரப்பினது. அரக்குகூட நான்தான் உருக்கினேன்."

அரீஜுக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"பத்து வயசிலிருந்து வீட்டுத் தேனையும் குங்குமப்பூவையும் தண்ணியில போட்டுப் போட்டு அசலா போலியான்னு பாத்தவ நீ," என்றார் லஸ்ஹர் சுவரைப் பார்த்தபடி. "மருந்துக்கடை பத்தி மாமன் பேசறப்பல்லாம் உன் மூஞ்சி செத்துப் போகுது. எனக்குக் கண்ணில்லையா? நீ கேட்டிருந்தா உன்னைக் கரிச்சுக் கொட்டுவாங்க. என்னைத் திட்டினா எனக்கென்ன? பழகின காதுதானே!"

அவளுக்குக் கண் நிறைந்தது. "அப்போ மப்ரூக்கை மன்னிச்சுட்டீங்களாப்பா?"

"யாரு? நானா?" லஸ்ஹர் சீறினார். "கூட்டத்துல துப்பினவன் கூட்டத்துலதான் திங்கணும். அதே செக்கு வாசல்ல, என் எண்ணெயில ரொட்டியை முக்கித் தின்னு, சுத்தம்னு அவன் வாயால வரணும். அதுவரைக்கும் அவன் எனக்குக் கடன்காரன்தான்."

குப்பியின் வாயைத் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"பேச்சை விட்டுட்டு மறுபடி அரக்கு வை. மைஸா என்ன படிக்க ஆசைப்படுவாளோ, யாரு கண்டா?"