தடுமன் வந்த வழி

எங்கள் வீட்டில் பதினாறு வருடமாக யாருக்கும் தடுமன் பிடித்ததில்லை. தெருவில் அந்தப் பெருமை எங்களுக்கு மட்டும்தான். நான் தும்மிய மறுநாளே சுகாதாரத் துறைப் பெண் வந்து மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தாள். சளி யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்று அவள் கருவி சொல்லிவிடும்.

"உங்களுக்கு உங்க வீட்டம்மாகிட்ட இருந்து வந்திருக்கு, ஐயா. அவங்களுக்கு, தென்காசியில ரெண்டு வயசுப் பெண் குழந்தைகிட்ட இருந்து. தாயார் பேரு மங்கையர்க்கரசி. சொந்தமா?"

மங்கையர்க்கரசி என் மகள். எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டேன். அவளுக்குக் குழந்தை பிறந்தது எனக்குத் தெரியாது.

"யாரோ," என்றேன்.

அவள் 'அந்நியர்' என்று பதிந்துகொண்டு, ஆளுக்கொரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். விழுங்கினால் அரை மணி நேரத்தில் சளி இருக்காது.

என் மனைவி உலகம்மாள் தன் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தாள்.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு அங்கதான் போனேன். பிள்ளை மடியில உக்காந்து என் மூஞ்சியிலேயே தும்முச்சு. நீங்க மாத்திரையைப் போட்டுக்கோங்க. பேத்தி உங்களுக்குக் கொடுத்தனுப்பினது இந்தத் தடுமன் ஒண்ணுதான். அதையும் தலைமுழுகிருங்க."

தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். அதற்குள் இருமல் வந்தது. என் நெஞ்சிலிருந்துதான் வந்தது; ஆனால் சின்னப் பிள்ளை இருமுவதுபோல மெல்லியதாக இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த இருமலுக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.